டாஸ்மேனியா நடைப்பயணம்: வழிகாட்டியோடு போவதா, நாமே மூட்டை கட்டுவதா?

மெல்பர்ன்_மாறன்

வணக்கம் நண்பர்களே. வரும் கோடையில் டாஸ்மேனியா போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. காரில் சுற்றுவதில்லை, நடப்பது. கிரேடில் மலையிலிருந்து செயின்ட் கிளேர் ஏரி வரைக்கும் போகும் ஓவர்லேண்ட் டிராக், 65 கிலோமீட்டர், ஆறு நாள். மனைவிக்கு ரொம்ப நாள் ஆசை, எனக்கும்தான். ஆனால் இருவரும் கூடாரம் போட்டுப் பழகியவர்கள் இல்லை. சனிக்கிழமை காலையில் டாண்டினாங் மலையில் ஆயிரம் படி ஏறி இறங்குவோம், அவ்வளவுதான் எங்கள் அனுபவம்.

வழிகாட்டியோடு போகும் பயணங்களைப் பார்த்தேன். தனியார் குடிலில் தங்கி, அவர்களே சமைத்துப் போட்டு, சுடுதண்ணீர்க் குளியலும் உண்டு என்றால் ஆளுக்கு 4000 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். வழிகாட்டி இருப்பார், ஆனால் கூடாரத்தில்தான் தூக்கம் என்றால் ஏறக்குறைய அதில் பாதி. தனியாகப் போனால் நடைக் கட்டணம், பூங்கா நுழைவுச் சீட்டு, சாப்பாட்டுச் செலவு, முடிந்தது கதை.

பாதை தெளிவாகப் போட்டிருக்கிறது, தொலைந்துபோக வழியே இல்லை என்கிறார்கள். அப்புறம் வழிகாட்டி எதற்கு? இன்னொன்று, நாங்கள் இருவரும் சைவம். அப்பாவும் அப்போது சென்னையிலிருந்து வந்திருப்பார், வயது 68. அவரையும் ஏதாவது ஒரு நடையில் சேர்த்துக்கொள்ள முடியுமா?

மலைக்கிறுக்கன்

மாறன், பாதை தெளிவு என்பது உண்மைதான். சேற்று நிலங்களின் மேல் மரப்பலகை போட்டு, வழுக்காமல் இருக்கக் கோழிவலைக் கம்பியை அடித்து வைத்திருப்பார்கள். அக்டோபர் 1 முதல் மே 31 வரை எல்லோரும் ஒரே திசையில், வடக்கிலிருந்து தெற்காகத்தான் நடக்க வேண்டும். சொந்தமாக நடப்பவர்களில் ஒரு நாளைக்கு 34 பேருக்குத்தான் அனுமதி.

சிரமமெல்லாம் முதல் நாளில்தான். ரோனி கிரீக்கில் வாம்பாட் (குட்டிக் கரடி மாதிரி இருக்கும், புல் தின்னும் பிராணி) மேய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஜாலியாகக் கிளம்புவீர்கள். கிரேட்டர் ஏரியைத் தாண்டியதும் மேரியன்ஸ் லுக்அவுட் ஏற்றம் வரும். சங்கிலியைப் பிடித்து ஏறுகிற பாறை. ஆறு நாள் சாப்பாடும் முதுகில் இருப்பதால் மூட்டை அன்றைக்குத்தான் முழுக் கனம். 15 கிலோவுக்குக் குறைவாகக் கட்டிப் பாருங்கள், கட்ட முடியாது. ஏறி முடித்தால் மேலே வெட்டவெளி. காற்றை மறைக்க ஒரு மரம் கிடையாது. கிச்சன் ஹட் என்று சின்னக் குடிசை ஒன்று உண்டு, ஆபத்துக்கு ஒதுங்க மட்டும்தான், தங்கக் கூடாது.

பொதுக் குடில்கள் வாட்டர்ஃபால் வேலி, விண்டர்மியர், பெலியன், கியா ஓரா, பெர்ட் நிக்கல்ஸ், நார்சிசஸ் என்று வரிசையாக வரும். படுக்க வெறும் பலகைதான். முந்தி வருகிறவர்களுக்கே இடம், அதனால் எல்லோருமே கூடாரம் சுமந்துதான் ஆக வேண்டும். பெர்ட் நிக்கல்ஸ் 1930களின் தொடக்கத்தில் இந்தப் பாதைக்குத் தடம் போட்டவர். தோலுக்காக விலங்கு பிடித்துக்கொண்டிருந்த ஆள்.

சைவம் ஒரு பிரச்சனையே இல்லை. அவல், வறுத்த ரவை, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். சின்ன கேஸ் அடுப்பு எடுத்துப் போங்கள், விறகு மூட்டத் தடை. பையை மட்டும் வெளியே விட்டுவிட்டு நகராதீர்கள். கரவாங் என்று ஒரு கறுப்புப் பறவை, ஜிப்பை அலகால் பிடித்து இழுத்துத் திறந்துவிடும். பெலியன் கேப் என்கிற கணவாயில் எல்லோரும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஒசா சிகரத்துக்குப் போவார்கள். 1,617 மீட்டர், டாஸ்மேனியாவிலேயே உயரம். திரும்பி வருவதற்குள் கரவாங் விருந்தை முடித்திருக்கும். மேலுறையை இறுக்கிக் கட்டி, ஜிப் தரைப்பக்கம் இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள்.

என் வாக்கு: தனியாகவே போங்கள். 8000 டாலருக்கு நல்ல கூடாரம், தூக்கப்பை எல்லாம் வாங்கி அது ஆயுசுக்கும் வரும்.

ராம்கி_கோவை

8000 டாலரா! ஆறு நாள் நடக்கவா! எங்கள் வெள்ளியங்கிரிக்கு ஒரு மூங்கில் தடியும் டார்ச்சும் போதும் சார் :)

சரி, கேலி விடுங்கள். வழிகாட்டி இல்லாமல் அந்தக் காட்டுக்குள் போக விடுகிறார்களே, அதுவே எனக்கு ஆச்சரியம். இங்கே வனத்துறை பாதி இடங்களில் கூட ஆள் அனுப்பாமல் விடாது.

வன்னிக்காரி

மாறன், நான் குடிலில் தங்கும் வழிகாட்டிப் பயணத்தில் போய் வந்தவள். அதனால் அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

பாதை காட்டவா வழிகாட்டி என்று கேட்டீர்கள். இல்லை, பாதையைக் குழந்தையும் கண்டுபிடிக்கும். எங்கள் குழுவில் பத்துப் பேர், வழிகாட்டிகள் இரண்டு பேர். ஒருத்தி முன்னுக்கு, மற்றவர் கடைசி ஆளோடு. கிரேடில் சர்க் என்கிற அந்த வெட்டவெளியில் நாங்கள் போன நேரம் பக்கவாட்டில் காற்றும் ஆலங்கட்டி மழையும். முன்னுக்குப் போனவள் நின்று, ஒவ்வொருவரையும் கையுறையைக் கழற்றித் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து காட்டச் சொன்னாள். ஒரு அண்ணருக்குத் திறக்க முடியவில்லை. விரல் வேலை செய்யவில்லை, ஆனால் ஆள் "நான் ஓகே" என்று சிரிக்கிறார். உடனே ஒரு பாறைக்குப் பின்னால் இருத்தி, காய்ந்த மேலாடை ஒன்றைப் போட்டு, சூடான மைலோ குடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். அன்றைக்கு கிரேடில் உச்சிக்கு ஏறும் திட்டமும் இல்லையென்று சொல்லிவிட்டாள். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவள் அசையவில்லை. நான் என் மனிசனோடு தனியாகப் போயிருந்தால், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று ஏறித்தான் இருப்போம்.

பிறகு, பார்க்கத் தெரிய வேண்டும். வாம்பாட்டின் எச்சம் சதுரக் கட்டியாக இருக்கும், அதைக் கல்லின் மேலே கொண்டுபோய் வைக்கும். நாங்கள் தனியாகப் போனால் மிதித்துவிட்டுப் போயிருப்போம். ஓடையைக் காட்டி, இந்த நிறம் அழுக்கில்லை, பட்டன்புல்லின் வேரில் இருந்து இறங்குகிற சாயம் என்றாள். பால் விடாத தேத்தண்ணி மாதிரி இருக்கும். பாண்டானி என்று தாழைபோல ஒரு மரம், காய்ந்த ஓலையெல்லாம் விழாமல் பாவாடையாகத் தொங்கும். பார்த்தால் வெப்பநாட்டு மரம் என்றுதான் நினைப்போம், ஆனால் அது பனியில் நிற்கிற ஹீத் என்கிற புதர்க் குடும்பத்துச் செடி.

குடில் என்றால் ஹோட்டல் இல்லை. ஒரு அறைக்கு இரண்டு பேர், கதகதப்பான கூடம், குளியல், ஈரத்துணி காயவைக்க ஒரு தனி அறை. அந்த அறைக்குத்தான் என் காசில் பாதி. காலையில் காய்ந்த மேஸுக்குள் (சாக்ஸுக்குள்) காலை விடுகிற சுகத்தை நனைந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மழைக்கோட்டும் முதுகுப்பையும் அவர்களே இரவல் தருவார்கள். நாம் சுமப்பது நம் உடுப்பு, தூக்க விரிப்பு, அன்றைய மதியச் சாப்பாடு, தண்ணீர். பத்துக் கிலோவுக்குள் அடங்கும்.

சைவம் என்று பதியும்போதே எழுதிவிடுங்கள். எனக்குக் குறை இல்லை. உறைப்புத்தான் காணாது, ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்த்தூள் கொண்டு போனேன். மூன்றாம் நாள் அது மேசை முழுக்கச் சுற்றி வந்தது.

கூடாரவாசி

வன்னிக்காரி அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் இதில் யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. அது தேசியப் பூங்கா. பொதுச் சொத்து. அதற்குள்ளே காசுள்ளவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும் தனியார் குடில்கள் 1987 முதல் இருக்கின்றன. பொதுப் பாதையிலிருந்து கண்ணுக்குப் படாமல் ஒதுக்கிக் கட்டியிருப்பதால் நடப்பவர்கள் பலருக்கு அவை இருப்பதே தெரியாது.

இந்தத் தீவு காட்டைக் காப்பாற்றிய கதை உங்களுக்குத் தெரியும்தானே? 1972இல் பெடர் ஏரியை மின்சாரத்துக்காக மூழ்கடித்தார்கள். அந்தக் கோபத்தில்தான் அங்கே பசுமைக் கட்சி அரசியலே பிறந்தது. அடுத்து பிராங்க்ளின் ஆற்றில் அணை என்றதும் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு போனார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 1983இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து அணை நின்றது. அப்படி மிஞ்சிய காட்டில் இப்போது ஒவ்வொரு மூலையிலும் 'சுற்றுலா வளர்ச்சி' என்று ஒரு திட்டம். வால்ஸ் ஆஃப் ஜெருசலேம் பூங்காவில் மல்பீனா ஏரித் தீவு ஒன்றில் ஹெலிகாப்டரில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கும் தங்குமுகாம் திட்டம் வந்ததே, மீன் பிடிப்பவர்கள், மலை நடப்பவர்கள், பூர்வகுடிகள் எல்லோரும் சேர்ந்து எதிர்த்தார்கள்.

முதலில் ஒரு குடில், அப்புறம் ஹெலிகாப்டர். அதனால்தான் நான் கூடாரத்தை விடுவதில்லை.

வன்னிக்காரி

கூடாரவாசி, ஹெலிகாப்டர் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் எனக்கு முழங்கால் வருத்தம் இருக்கிறது. 18 கிலோ தூக்கினால் இரண்டாம் நாள் ஊன்றுகோல்தான். அப்படியென்றால் அந்தப் பாதை எனக்கு இல்லையா? எங்களோடு வந்த ஒருத்திக்கு எழுபது தாண்டிய வயது. அவவும் காட்டைப் பார்க்கத்தான் வந்தவ, வைன் குடிக்க இல்லை. (சரி, வைனும் குடித்தவ.)

மலைக்கிறுக்கன்

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சொந்தமாக நடப்பவர்களாகிய நாமும் சுத்தம் இல்லை. பலகையில் ஈரம் என்று பக்கத்தில் இறங்கி நடந்து சேற்றை அகலமாக்குவது யார்? பூட்ஸைத் தேய்த்துக் கழுவ ஆரம்பத்திலேயே தொட்டி வைத்திருக்கிறார்கள். மண்ணோடு வரும் பைட்டாப்தோரா என்கிற நுண்ணுயிரி வேரை அழுகவைத்துச் செடியைக் கொன்றுவிடும். அதைக் கழுவாமல் தாண்டிப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வழிகாட்டிக் குழுக்கள் இந்த விஷயத்தில் கறார்.

2016 ஜனவரியில் மின்னல் விழுந்து மத்திய பீடபூமியில் தீப்பிடித்தபோது பென்சில் பைன் மரங்கள் எரிந்தன. அவற்றில் சில மரங்களுக்கு வயது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. யூகலிப்டஸ் தீக்குப் பிறகு துளிர்க்கும், இவை துளிர்க்காது. அந்த இனத்துக்குத் தீ பழக்கமில்லை. குடில் இருக்கலாமா கூடாதா என்று நாம் அடித்துக்கொள்கிறோம், எனக்கு உண்மையில் பயம் தருவது இந்த உலர்ந்த மின்னல்தான்.

லான்செஸ்டன்_நர்ஸ்

இந்த ஊரில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் கொஞ்சம். மாறன், வழிகாட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைப் படியுங்கள்.

குளிர்தான் முதல் எதிரி. இங்கே ஜனவரி கோடை, அப்போதும் மேலே பனி விழும். ஜீன்ஸ், பருத்தி டீஷர்ட் வேண்டாம். நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, உண்மையான மழைக்கோட்டு, மழைக் காற்சட்டை. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பாம்பு: இங்கே மூன்றே இனம். டைகர், காப்பர்ஹெட், வெள்ளை உதட்டுப் பாம்பு. மூன்றுக்கும் விஷம் உண்டு. மூன்றுமே நம்மைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவைதான். முழங்காலுக்குக் கீழே மூடுகிற கெய்ட்டர் உறை கட்டுங்கள், ஆளுக்கு இரண்டு அழுத்தக் கட்டுத்துணி வைத்துக்கொள்ளுங்கள். கடித்தால் அந்தக் கால் முழுக்க இறுக்கிக் கட்டி, அசையாமல் படுக்க வைப்பதுதான் முதலுதவி. வெட்டுவது, உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம்.

பாம்பைவிட நான் அதிகம் கவலைப்படுவது ஜாக் ஜம்பர் எறும்பு. கறுப்பு உடல், மஞ்சள் கால், துள்ளித் துள்ளி வரும். டாஸ்மேனியாவில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு அதன் கொட்டுக்குக் கடும் ஒவ்வாமை உண்டு. உங்களுக்குத் தேனீ, குளவி கொட்டி முகம் வீங்கிய அனுபவம் இருந்தால் போவதற்கு முன்பே டாக்டரிடம் பேசி, எபிபென் (ஒவ்வாமைக்கு உடனே போட்டுக்கொள்ளும் ஊசி) வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் போன் எடுக்காது. தனியாகப் போனால் அவசர பீக்கன் கருவி கட்டாயம் என்பேன், வாடகைக்குக் கிடைக்கும். வழிகாட்டிகள் செயற்கைக்கோள் போன் வைத்திருப்பார்கள்.

68 வயது அப்பாவுக்கு ஓவர்லேண்ட் பற்றி அவருடைய இதய டாக்டர் சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன்.

சுந்தரி_அக்கா

மாறன் தம்பி, அப்பாவை மரியா தீவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்! என் மாமனார் மாமியாரோடு போய் வந்த இடம். கிழக்குக் கரையில் ட்ரையபன்னாவிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தீவு முழுக்கத் தேசியப் பூங்கா. நாம் கார் கொண்டுபோக முடியாது, கடை கிடையாது, டீக்கடை கூட இல்லை. சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போக வேண்டும். நான் தயிர்சாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டு போனேன்.

படகிலிருந்து இறங்கினால் டார்லிங்டன். கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கிய இடம், 1825இல் ஆரம்பித்தது. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆஸ்திரேலியக் கைதித் தளங்களில் இதுவும் ஒன்று. பின்னாளில் பெர்னாச்சி என்ற இத்தாலிக்காரர் வந்து, திராட்சை, பட்டு, சிமென்ட் என்று என்னென்னவோ ஆரம்பித்தார். ஒன்றும் நிலைக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் முன்னால் பல்லாயிரம் வருஷம் பூர்வகுடிகள் வந்துபோன தீவு அது. அவர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் கரையோரம் குவியலாக இன்னும் இருக்கின்றன.

அங்கிருந்து பெயின்டட் கிளிஃப்ஸ் வரைக்கும் நடை பெரும்பாலும் சமதளம்தான். மணற்பாறையில் காவியும் மஞ்சளும் வளையம் வளையமாக ஓடியிருக்கும். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் பாறையடியில் நடக்க முடியாது. மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டே போய் வந்துவிட்டார். வாம்பாட் காலடியிலேயே மேயும். கிட்டே போய் செல்ஃபி எடுக்காதே, துரத்தாதே என்று ஒரு உறுதிமொழியே வைத்திருக்கிறார்கள், படகுத்துறையிலேயே படிக்கலாம்.

வழிகாட்டியோடு நாலு நாள் நடையும் உண்டு. தீவின் தென்பாதியிலிருந்து நடந்து வந்து, கடைசி ராத்திரி அந்த பெர்னாச்சி வீட்டிலேயே தங்கவைப்பார்களாம். அது என் வசதிக்கு எட்டவில்லை.

கூடாரவாசி

அக்கா, மரியா தீவில் இன்னொன்று சொல்ல விட்டுவிட்டீர்கள். முகத்தில் கட்டி வரும் தொற்றுப் புற்றுநோயால் டாஸ்மேனியன் டெவில் என்கிற ஊனுண்ணி விலங்கு அழிந்துகொண்டிருந்ததால், நோயில்லாதவற்றை 2012இல் இந்தத் தீவில் கொண்டுவந்து விட்டார்கள். டெவில்கள் பெருகின. ஆனால் அங்கே ஒரு காலத்தில் 3000 ஜோடி இருந்த குட்டிப் பென்குயின்கள் ஒன்று கூட மிஞ்சவில்லை. நல்லெண்ணத்தில் செய்ததுதான். வழிகாட்டி வந்தால் இதைக் கேளுங்கள், என்ன பதில் வருகிறது என்று பார்க்கலாம்.

மெல்பர்ன்_மாறன்

எல்லோருக்கும் நன்றி. போத்தல் மூடி விஷயத்தை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "நீங்க அந்த அண்ணர் மாதிரிதான், கை விறைச்சாலும் ஓகேன்னு சொல்வீங்க" என்றாள். அதோடு தனியாகப் போகும் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்துவிட்டது.

இப்போது கேள்வி குடிலா, கூடாரமா. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறதே, த்ரீ கேப்ஸ் டிராக்? அதில் அரசாங்கமே நல்ல குடில் கட்டியிருக்கிறது என்கிறார்கள்.

மலைக்கிறுக்கன்

ஆமாம், புதியவர்களுக்கு அதுதான் நல்ல நடுவழி. 2015 டிசம்பரில் திறந்தார்கள். 48 கிலோமீட்டர், நாலு நாள், மூன்று ராத்திரி. போர்ட் ஆர்தரிலிருந்து படகில் கொண்டுபோய் டென்மன்ஸ் கோவ் கடற்கரையில் இறக்கிவிடுவார்கள், ஃபோர்ட்டெஸ்கியூ பேயில் நடை முடியும். பொதுக் குடிலிலேயே மெத்தை, கேஸ் அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கிறது, படுக்கையும் உங்கள் பெயரில் முன்பதிவு. கூடாரம் வேண்டாம், பாத்திரம் வேண்டாம், மூட்டை பாதியாகிவிடும். கேப் பில்லர் பக்கம் போனால் டாலரைட் பாறைத் தூண்கள் கடலிலிருந்து நேர் செங்குத்தாக 300 மீட்டர் அளவுக்கு நிற்கும். 'தி பிளேட்' என்கிற அந்த முனையில் காற்று அடித்தால் நான் நான்கு காலில்தான் ஏறுவேன், வெட்கமே இல்லை.

ஒரு வேடிக்கை: பெயர் மூன்று முனை, நடப்பது இரண்டில்தான். ரௌல் முனையைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. வேண்டுமானால் இன்னொரு நாள் தனியாகப் போகலாம். அங்கேயும் பின்னால் தனியார் குடில்களோடு வழிகாட்டிப் பயணம் வந்துவிட்டது. கூடாரவாசிக்குப் பிடிக்காது.

கூடாரவாசி

பிடிக்கவில்லைதான் :) ஆனால் அரசு கட்டிய அந்தக் குடில்களை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லாப் பூங்காவிலும் அப்படிக் கட்டினால் இந்தச் சண்டையே பாதி குறையும். என்ன, அதுவும் ஆளுக்கு 500 டாலர் தாண்டிவிட்டது.

வன்னிக்காரி

மாறன், ஓவர்லேண்டுதான் ஆசை என்றால் அதை விடாதீர்கள். கூடாரத்தோடு வரும் வழிகாட்டிப் பயணத்தை எடுப்பதாக இருந்தால் முன்னமே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். என் சிநேகிதி ஒருத்தி வேறொரு குழுவோடு போய், பொதுச் சமையல் சாமானும் ஆளாளுக்குப் பங்கு போட்டதால் மூட்டை நினைத்ததைவிடக் கனத்துப்போனது. ஆளுக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். குழுவில் நடை வேகம் ஒத்துவராவிட்டால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இரண்டு மாதம் இருக்கும்போதே ஆயிரம் படியை மூட்டையோடு ஏறத் தொடங்குங்கள். அரிசிப் பையை வைத்தே ஏறலாம். இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும், அதையும் பழகுங்கள். புதுச் சப்பாத்தோடு மட்டும் போகாதீர்கள்.

ராம்கி_கோவை

நடுவில் ஒரு சந்தேகம். அட்டை உண்டா? அதோடு, நானும் ஒரு நாள் வருவதாக இருந்தால் எந்த மாதம் நல்லது?

லான்செஸ்டன்_நர்ஸ்

அட்டை தாராளமாக உண்டு, மழைக்காட்டுப் பகுதியில். உப்பு போதும். வால்பாறை பார்த்தவருக்கு அது ஒரு விஷயமா!

இந்தியாவிலிருந்து வருவதென்றால் உணவுப்பொருள் எல்லாவற்றையும் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிடுங்கள். பழைய பூட்ஸில் மண் இருந்தால் அதையும். மெல்பர்னிலிருந்து டாஸ்மேனியா வரும்போது பழம், காய் கையில் இருந்தால் மறுபடியும் பிடுங்கிவிடுவார்கள், கப்பலாக இருந்தாலும் விமானமாக இருந்தாலும்.

மலைக்கிறுக்கன்

மாதம் என்றால் பிப்ரவரி, மார்ச் ஓரளவு நிதானமான வானிலை. ஆனால் என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசி. ஃபேகஸ் என்று ஒரு குட்டி பீச் மரம், இலை விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் குளிர்ப் பகுதிகளில் இயற்கையாகக் குளிர்காலத்துக்கு இலை உதிர்க்கும் மரம் அது ஒன்றுதான், டாஸ்மேனியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஆன்சாக் தினம் (ஏப்ரல் 25) வாக்கில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும். கிரேட்டர் ஏரிக்கு மேலே சரிவு முழுக்க அதுதான். வெளிச்சம் சீக்கிரம் போய்விடும், குளிரும் கூட.

முன்பதிவு ஆண்டின் நடுவில் திறக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைத் தேதிகள் முதலில் தீரும். நார்சிசஸிலிருந்து ஏரியைக் கடக்கும் படகுக்கும் அப்போதே பதிந்துவிடுங்கள். அதை விட்டால் ஏரிக்கரையோரம் இன்னும் 17.5 கிலோமீட்டர் நடக்க வேண்டிவரும். நல்ல காட்டுவழிதான், ஆனால் ஆறாம் நாள் மாலை அதை யாரும் ரசிப்பதில்லை.